சின்ன ஃப்ளாட்டுக்கு ட்ரையர் வாங்கலாமா, வாங்குனா எது? மழைல ஒரு துணி காய மாட்டேங்குது

ஈரத்துணி:

வணக்கம் மக்களே. பள்ளிக்கரணை பக்கம் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், 840 சதுர அடி, மூணாவது மாடி. நான், வீட்டுக்காரர், அத்தை, அப்புறம் ஏழு மாச பாப்பா. பாப்பா துணி மட்டுமே ஒரு நாளைக்கு ஒரு பக்கெட் வருது, இதுல ஐப்பசி பொறந்ததுல இருந்து வெயில்னு ஒன்ன கண்ணால பாக்கல. பால்கனில துணி தொங்கக்கூடாதுன்னு அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டிருக்காங்க, மொட்டமாடி சாவி செக்யூரிட்டிகிட்ட, அவர தேடி கண்டுபிடிக்கறதுக்குள்ள தூறல் போட்டுடும். இப்ப ஹால்ல ஜன்னல் கம்பிக்கும் கதவு கொக்கிக்கும் கொடி கட்டி, கீழ குனிஞ்சு குனிஞ்சு நடந்து போயிட்டு இருக்கோம், ரெண்டு நாள் ஃபேன் ஓடினாலும் ஜீன்ஸ் இடுப்பு பட்டை மட்டும் சில்லுனுதான் இருக்கு, எல்லாத்துலயும் ஒரு முடைநாத்தம் வேற. அத்தை பாப்பா துணிய அயர்ன் பாக்ஸ் வெச்சே காயவெக்கறாங்க பாவம்.

கடைக்கு போனோம். பைப் வெச்சது ஒன்னு (வென்டட்) 28 ஆயிரம் சொன்னான், கண்டென்சர்னு ஒன்னு 50 கிட்ட, ஹீட் பம்ப்னு ஒன்னு 70 சொச்சம். சேல்ஸ் பையன் "மேடம் கண்ண மூடிட்டு ஹீட் பம்ப் எடுங்க, கரண்ட் பில்லே வராது"ங்கறான். வீட்டுக்காரர் வாஷிங் மெஷினயே மாத்திட்டு துவைச்சு காயவெச்சு தர்ற ரெண்டும் சேந்த மெஷின் வாங்கிடலாம்ங்கறார். எங்க யுடிலிட்டி மூணடிக்கு அஞ்சடிதான், அதுலயே 6.5 கிலோ ஃப்ரன்ட் லோடு மெஷின், பாத்திர சிங்க், கேஸ் சிலிண்டர் எல்லாம். வெளிப்பக்கம் கிரில்லும் ஸ்லைடிங் ஜன்னலும் இருக்கு. வெச்சிருக்கவங்க உண்மைய சொல்லுங்க ப்ளீஸ்.

மொட்டமாடி மன்னன்:

எங்க பாட்டி கூடைய கவுத்து உள்ள சாம்பிராணி போட்டு மேல துணிய விரிச்சிடும், அரை மணில காஞ்சிடும், வாசனையும் ஃப்ரீ. எழுபதாயிரமாம்! அதுக்கு செக்யூரிட்டிகிட்ட சிரிச்சு பேசி ஒரு டூப்ளிகேட் சாவி போட்டுக்கோங்க.

ஈரத்துணி:

அண்ணா சாவி இருந்தாலும் மேல மழைல என்னத்த காயப்போடறது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ நாங்க இங்கதான் இருந்தோம், ஒரு வாரம் வீடே ஈரம். அப்பவே முடிவு பண்ணிருக்கணும்.

வேளச்சேரி வெங்காயம்:

மிக்ஜாம் அப்போ ட்ரையர் இருந்தா மட்டும் என்ன பண்ணிருப்பீங்க, எங்க ஏரியால கரண்டே மூணு நாள் இல்ல :) இன்வெர்ட்டர்ல எல்லாம் இது ஓடாது, அத முதல்லயே தெரிஞ்சுக்கோங்க.

ஸ்பேனர் அண்ணன்:

தங்கச்சி, பதினாலு வருஷம் வாஷிங் மெஷின் சர்வீஸ்ல இருந்தவன், இப்ப சொந்தமா ஒர்க்‌ஷாப். எந்த கம்பெனிக்கும் சொல்லல.

ட்ரையர் வாங்கறவங்க எல்லாரும் கிலோ கேப்பாங்க, கரண்ட் கேப்பாங்க, ஆனா துணில இருந்து வர்ற தண்ணி எங்க போகும்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. மூணு டைப்புக்கும் வித்தியாசமே அதுலதான் இருக்கு. வென்டட்ல ஹீட்டர் காத்த சூடு பண்ணி துணிக்குள்ள அடிச்சு ஈரக்காத்த நாலு இன்ச் ஹோஸ் வழியா வெளிய தள்ளிடும், மெஷின் சிம்பிள், ஒரு மோட்டர் ஒரு ஹீட்டர், கெட்டுப்போக பெருசா ஒன்னும் இல்ல. கண்டென்சர்லயும் ஹீட்டர்தான், ஆனா ஈரக்காத்த உள்ளயே குளிர வெச்சு தண்ணியாக்கி ஒரு டேங்க்ல புடிச்சு வெக்கும், நீங்க ஊத்தணும், இல்ல ட்ரெய்ன் பைப்ல விடணும், ஆனா சூடு பூரா ரூமுக்குள்ளதான் இறங்கும், சென்னைல அது எவ்ளோ சுகம்னு சொல்ல வேணாம். ஹீட் பம்ப்ங்கறது ஏசி கம்ப்ரஸர உள்ள வெச்ச மெஷின், ஒரு பக்கம் சூடு பண்ணும் இன்னொரு பக்கம் குளிர வெச்சு தண்ணிய பிரிக்கும், அதே சூட்ட திருப்பி திருப்பி யூஸ் பண்றதால கரண்ட் பாதிக்கும் கம்மி, சூடும் கம்மி, அதனால துணிக்கு நல்லது, ஆனா டைம் அதிகம், விலையும் அதிகம், கம்ப்ரஸர்ல கேஸ் போச்சுன்னா செலவு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் மாதிரிதான். நம்ம ஊர்ல ஐஎஃப்பி 5.5 கிலோ வென்டட் ரொம்ப நாளா ஓடுது, ஹீட் பம்ப்னா போஷ், எல்ஜி எல்லாம் விக்கிறாங்க.

உங்க யுடிலிட்டில ஜன்னல் வெளியவே திறக்குதுன்னா வென்டட்டுக்கு அதவிட நல்ல இடம் கிடையாது. ஹோஸ நீளமா இழுத்து நாலு வளைவு வளைக்காம நேரா ஜன்னலுக்கு விடுங்க. ஜன்னல மூடி வெச்சு ஓட்டினீங்கன்னா அந்த ஈரம் பூரா சுவத்துல இறங்கி பூஞ்சை புடிக்கும், அப்புறம் ட்ரையர திட்டாதீங்க.

இப்ப முக்கியமானது, சிலிண்டர். ஹீட்டர் மெஷின் ஓடுற அதே மூணடி இடத்துல சிலிண்டர் இருக்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன். அத கிச்சனுக்குள்ள அடுப்புக்கு கீழயே மாத்திட்டு அப்புறம் ட்ரையர பத்தி பேசுங்க. 16 ஆம்பியர் சாக்கெட் தனியா ஒன்னு வேணும், வாஷிங் மெஷின் சாக்கெட்டுலயே மல்டி ப்ளக் போட்டு ரெண்டையும் ஓட்டி ப்ளக் உருகிப்போய் வந்த வீட்ட நான் பாத்திருக்கேன், கருப்பா ஜவ்வு மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

இன்னொன்னு. எண்ணெய் தேச்சு குளிச்ச துண்ட ட்ரையர்ல போடாதீங்க, பாப்பாவுக்கு எண்ணெய் தடவி துடைச்ச துணியும்தான், கிச்சன் கரித்துணியும்தான். துவைச்சாலும் எண்ணெய் முழுசா போகாது, அந்த சூட்டுல எண்ணெய் தானா சூடேறி, மெஷின் நின்னப்புறம் துணிக்குவியலுக்குள்ளயே பத்திக்கும். கடைசி பத்து நிமிஷம் ட்ரையர் வெறும் காத்து ஓட்டுறது எதுக்குன்னு நெனச்சீங்க, அவசரத்துல அத பாதில நிறுத்தி சூடா குமிச்சு வெக்காதீங்க. நம்ம வீட்டுல சனிக்கிழமை நல்லெண்ணெய் குளியல், அத எந்த மேனுவல்காரனும் யோசிச்சு எழுதிருக்க மாட்டான்.

ரெண்டு புள்ளைக்காரி:

வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க ரெண்டும் சேந்த மெஷின் வேணாம்னு. நாங்க வாங்கி நாலு வருஷமாச்சு, கம்பெனி பேர் வேணாம். விளம்பரத்துல 8 கிலோன்னு பெருசா போட்டிருப்பான், அது துவைக்கறதுக்கு, காயவெக்கறதுக்கு 5 கிலோதான், அத பொடி எழுத்துல போட்டிருப்பான். அதாவது ஃபுல் லோடு துவைச்சா பாதிய வெளிய எடுத்து வெச்சிட்டு மீதிய காயவெக்கணும், அப்புறம் இத எடுத்துட்டு அத போடணும், அப்ப ராத்திரி பத்து மணிக்கு எந்திரிச்சு மெஷின் முன்னாடி உக்காரறது யாரு, நான்தான். ஒரு ரவுண்டு துவைச்சு காய அஞ்சு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் அடுத்த லோடு துவைக்க முடியாது. எங்க மெஷின் ஈரத்த குளிர வெக்க குழா தண்ணிய வேற உள்ள விடுது, காயவெக்கறதுக்கு தண்ணி செலவுன்னு நான் கேள்விப்பட்டதே இல்ல, கோடைல லாரி தண்ணி வாங்குற ஃப்ளாட்டுல இதெல்லாம் கேக்கணுமா. அதுலயும் போன வருஷம் பஞ்சு அடைச்சு காயறதே நின்னு போச்சு, ரிப்பேருக்கு வந்தவர் உள்ளேர்ந்து ஈரப்பஞ்ச கை நிறைய எடுத்தாரு, சாம்பல் கலர்ல எலிக்குஞ்சு மாதிரி. ரிப்பேர் முடியற வரைக்கும் துவைக்கவும் மெஷின் இல்ல காயவெக்கவும் இல்ல. தனித்தனியா வாங்குங்க, அவ்ளோதான்.

கணக்குப்புள்ள:

சேல்ஸ் பையன் சொன்ன கரண்ட் கதைய கொஞ்சம் கணக்கு போட்டு பாப்போம். ஒரு லிட்டர் தண்ணிய ஆவியாக்க எப்படி பாத்தாலும் 0.65 யூனிட் கிட்ட சூடு வேணும், அது இயற்கை விதி, எந்த பிராண்டும் மாத்த முடியாது. ஹீட்டர் வெச்ச மெஷின் நடைமுறைல லிட்டருக்கு ஒரு யூனிட் கிட்ட இழுக்கும், ஹீட் பம்ப் சூட்ட திருப்பி எடுத்துக்கறதால 0.4 கிட்ட முடிச்சிடும்.

உங்க வீட்டுக்கு ஒரு நாளைக்கு 4 கிலோ காஞ்ச துணின்னு வெச்சுக்கோங்க. நல்லா பிழிஞ்சு எடுத்தா அதுல 2.4 லிட்டர் தண்ணி நிக்கும். ஹீட்டர்னா 2.4 யூனிட், ஹீட் பம்ப்னா ஒரு யூனிட். தினமும் 1.4 யூனிட் மிச்சம். நீங்க இத எத்தன நாள் ஓட்டப்போறீங்க? தை பொறந்தா மொட்டமாடில ரெண்டு மணி நேரத்துல துணி அப்பளமா காயும், அப்ப எவனும் ட்ரையர தொட மாட்டான். மழைக்காலம் தொண்ணூறு நாள்னா 126 யூனிட் மிச்சம், யூனிட் பத்து ரூபான்னே போட்டாலும் 1,260 ரூபா. நீங்க சொன்ன விலைல ரெண்டுக்கும் நடுவுல 40 ஆயிரத்துக்கு மேல வித்தியாசம். முப்பது வருஷம் ஆகும் போட்ட காசு வர. பாப்பா கல்யாணத்துக்கு அப்புறம்தான் லாபம்.

ஒன்னு மட்டும், ரெண்டு மாச ரீடிங்கு 500 யூனிட்ட தாண்டினா ஸ்லாப் கணக்கே வேற மாதிரி ஆயிடும், முன்னாடி யூனிட்டுக்கும் சேத்து ரேட்டு ஏறும். உங்க வீட்டு ரீடிங் இப்பவே 400 கிட்ட நிக்குதுன்னா தினமும் 2.4 யூனிட் சேந்து 500 தாண்டிடும், பழைய பில்ல எடுத்து பாத்துக்கோங்க. மழைக்காலத்துல ஏசி ஓடாதுல்ல, அதனால பெரும்பாலும் தாண்டாது.

அதவிட முக்கியம், மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி உங்க வாஷிங் மெஷின்ல ஸ்பின் எவ்ளோ வெச்சிருக்கீங்கன்னு பாருங்க. பாதி வீட்ல துணி சுருங்குதுன்னு 800ல (அதாவது நிமிஷத்துக்கு 800 சுத்து) வெச்சிருப்பாங்க. ஸ்பின்ல வெளியேத்துற தண்ணிக்கு ஆகுற கரண்ட், சூடு பண்ணி வெளியேத்துற கரண்ட்டுக்கு பக்கத்துலயே வராது.

சூரிச் தம்பி:

வணக்கம், நான் சுவிஸில இருக்கிறன். இஞ்ச ஃப்ளாட் எல்லாத்துக்கும் கீழ நிலவறையில பொதுவா ஒரு உடுப்புத் தோய்க்கிற அறை இருக்கும், எந்த வீட்டுக்கு எந்த நாள் எண்டு ஒரு பட்டியல் தொங்கும், எங்கட நாள விட்டா பிறகு ரெண்டு கிழமை காத்திருக்கோணும், அந்தச் சண்டையப் பற்றி தனியா ஒரு திரியே எழுதலாம். வீட்டுக்குள்ள பனிக்காலத்தில உடுப்புக் காயப்போட்டா சுவரெல்லாம் பூஞ்சணம், வீட்டுச் சொந்தக்காரன் காசு கேப்பான். அதால போன வருசம் வீட்டுக்குள்ள சொந்தமா ஒரு ஹீட் பம்ப் வாங்கினனாங்கள்.

2012ல இருந்து இஞ்ச ஹீட் பம்ப் இல்லாத ட்ரையர் விக்க ஏலாது, இப்ப 2025 ஜூலையில இருந்து ஐரோப்பிய ஒன்றியத்திலயும் அதுதான். ஆனா கணக்குப்புள்ள சொல்லுறது சரி, நாங்கள் வருசம் பூரா ஓட்டுறம், எங்களுக்குக் கட்டுப்படியாகும், மூண்டு மாசத்துக்கு எண்டா யோசிக்கோணும். வாங்குறீங்கள் எண்டா ரெண்டு விசயம். கொண்டு வந்து இறக்கின உடன ஓட்டாதேங்கோ, ஃப்ரிட்ஜ் மாதிரித்தான், நிமித்தி வச்சு சில மணித்தியாலம் விடோணும். மற்றது, அறை 35 பாகைக்கு மேல சூடா இருந்தா அது திணறும் எண்டு எங்கட மெஷின்ட புத்தகத்திலயே போட்டிருக்கு, உங்கட ஊர் வெயிலில கதவடைச்ச யுடிலிட்டிக்குள்ள என்ன செய்யுமோ தெரியாது. வெளிய எடுக்கேக்க துவாய் லேசா ஈரம் மாதிரித் தெரியும், அது சூட்டில வாற ஈரம்தான், உதறி பத்து நிமிசம் விட்டா சரி.

வேளச்சேரி வெங்காயம்:

நான் கண்டென்சர் வெச்சிருக்கேன், வாடகை வீடு, சுவத்துல ஓட்ட போடக்கூடாதுன்னு ஓனர் சொன்னதால. நல்லாதான் காயுது. ஒரு லோடுக்கு டேங்க்ல ரெண்டு லிட்டர் தண்ணி, கண்ணாடி மாதிரி இருக்கும். அப்பா அத பாத்துட்டு "டிஸ்டில்டு வாட்டர்தானே, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்திடலாம்"ங்கறார், பாட்டில்ல புடிச்சு வெச்சிருக்கார் ஆறு பாட்டில். ஊத்தலாமா?

ஸ்பேனர் அண்ணன்:

அய்யோ வேண்டாம். ஆவியாகி வந்த தண்ணிதான் ஆனா பஞ்சு வழியா, சோப்பு வழியா ஓடி வந்துருக்கு. ஒரு பாட்டில வெளிச்சத்துல புடிச்சு பாருங்க, நூல் நூலா மிதக்கும். பேட்டரிக்கு கடைல விக்கற தண்ணி என்ன விலைன்னு பாருங்க, அதுக்கு போய். மாப் தண்ணிக்கு வெச்சுக்கங்க.

வேளச்சேரி வெங்காயம்:

மிதக்குது அண்ணா. அப்பாகிட்ட காட்டிட்டேன், பேச்சே இல்ல.

டீஹியூமிடிஃபையர் ரசிகன்:

ஒருத்தரும் சொல்லலயே, சின்ன ரூம்ல கொடி கட்டி கதவ மூடி ஒரு டீஹியூமிடிஃபையர் (காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கற மெஷின்) வெச்சா ராத்திரிக்குள்ள காஞ்சிடும், 300 வாட்ஸ்தான் எங்களோடது, துணி சுருங்காது, பட்டு பருத்தி கஞ்சி போட்டது எதுக்கும் பயம் இல்ல. ட்ரையர்ல கஞ்சி வேட்டிய போட்டு பாருங்க தெரியும். அதோட பீரோ பூஞ்சையும் நிக்கும்.

ஈரத்துணி:

எக்ஸ்ட்ரா ரூம் இருந்தா நான் ஏன் இங்க வந்து கேக்கறேன் :( ரெண்டு பெட்ரூம், ஒன்னுல நாங்க, ஒன்னுல அத்தை. ஆனா பீரோ மேட்டர் நல்லா இருக்கு, யோசிக்கறேன்.

எல்லாருக்கும் நன்றி. கணக்குப்புள்ள சார் சொன்னத படிச்சிட்டு போய் பாத்தா எங்க மெஷின் நெஜமாவே 800ல இருக்கு! வாங்குனப்போ டெமோ காட்ட வந்தவர் வெச்சிட்டு போனது, யாரும் தொடவே இல்ல. ஊருக்கு போறப்போ பெட்டி தூக்கி எடை பாப்போம்ல அந்த தராச எடுத்து ஒரு பைல துணிய போட்டு எடை போட்டேன். காஞ்சப்போ 4 கிலோ, 800ல சுத்தி எடுத்தப்போ 6.8, அதே துணிய மறுபடி 1200ல வெறும் ஸ்பின் மட்டும் விட்டு எடுத்தா 6.3. அரை லிட்டர் தண்ணி சும்மாவே போயிருக்கு. அன்னிக்கு ஹால்ல போட்ட துணி வழக்கத்தவிட அரை நாள் முன்னாடியே காஞ்சுது. ஜீன்ஸ் பட்டை மட்டும் அப்பவும் சில்லுனுதான்.

கணக்குப்புள்ள:

பெட்டி தராசு வெச்சு எடை போட்ட முதல் ஆள் நீங்கதான். உங்களுக்கு 28 ஆயிரமே போதும்.

ஸ்பேனர் அண்ணன்:

வாங்கினா வாஷிங் மெஷினுக்கு மேல எப்படி நிக்கும்னு பாத்துக்கங்க. சும்மா மேல தூக்கி வெக்கறது கிடையாது, மெஷின் 1200ல சுத்தறப்போ மேல இருக்கறது நடந்து வந்து தலைல விழும். அந்த மாடலுக்குன்னு ஸ்டேண்டோ ஸ்டாக்கிங் கிட்டோ (ஒன்னுமேல ஒன்னு அசையாம நிறுத்தற செட்) இருந்தா அது, இல்லன்னா சுவத்துல மாட்டலாம். இப்ப கட்டற ஃப்ளாட்டுல சுவரு செங்கல் இல்ல, லேசான வெள்ள ப்ளாக்கு, ஆணி அடிச்சா மாவு மாவா கொட்டும், அதுக்கு தனி ஆங்கர் போல்ட் இருக்கு, இன்ஸ்டலேஷனுக்கு வர்ற பையன்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. குமிழ் ரொம்ப ஒசரத்துல வந்துடாம அத்தை கைக்கு எட்டற மாதிரி மாட்டுங்க. பஞ்சு ஃபில்டர ஒவ்வொரு லோடுக்கும் எடுத்து துடைக்கணும், ஒரு நாள்கூட விடாம. பெட்ஷீட்ட தனியா போடுங்க, இல்லன்னா அது உருண்டு உள்ள மத்த துணிய எல்லாம் முழுங்கிக்கும், வெளிய காஞ்சிருக்கும் நடுவுல சொட்ட சொட்ட இருக்கும்.

ஈரத்துணி:

மூணு வாரம் கழிச்சு அப்டேட். வென்டட் 5.5 கிலோ வாங்கியாச்சு. எலக்ட்ரீஷியன் தனி லைன் இழுத்து 16 ஆம்பியர் போட்டார். சிலிண்டர் கிச்சனுக்குள்ள வந்துடுச்சு, அதுக்காக அத்தையோட ஊறுகாய் ஜாடி எல்லாம் இடம் மாறி அதுக்கு ரெண்டு நாள் மூஞ்சி தூக்கல். சுவரு அண்ணன் சொன்ன மாதிரியே வெள்ள ப்ளாக்கு, வந்த பையன் சாதாரண ஸ்க்ரூ எடுத்தார், நான் இந்த திரிய காட்டி திருப்பி அனுப்பி மறுநாள் சரியான போல்ட்டோட வர வெச்சேன்.

பாப்பா துணி ஒரு மணி நேரத்துல காயுது, டவல் ஜீன்ஸ் சேத்து போட்டா ரெண்டு மணி கிட்ட ஆகுது. டவல் அவ்ளோ பூ மாதிரி வருது. அவரோட ஒரு காட்டன் சட்டை மட்டும் ஒரு சைஸ் சின்னதாயிடுச்சு, அவர் தொப்பைன்னு நெனச்சிட்டு இருக்கார், நான் திருத்தல. ஜன்னல் கொசுவலைல முதல் வாரமே வெள்ளையா பஞ்சு படிஞ்சுது, இப்ப வாரா வாரம் ப்ரஷ் போடறேன். மேல் வீட்டு ஆன்ட்டி லிஃப்ட்ல "உங்க வீட்லேர்ந்து தெனமும் சாயங்காலம் துணி வாசனை வருதே, என்ன போடறீங்க"ன்னு கேட்டாங்க, அசோசியேஷன்ல சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன், கடைசில மெஷின் விலைய கேக்கத்தான் அந்த பேச்சு.

ஒரே ஒரு பிரச்சனை. அத்தை ட்ரையர்லேர்ந்து சூடா காஞ்ச துணிய எடுத்து மறுபடி ஹால் கொடில போடறாங்க. கேட்டா "என்னதான் மெஷின்ல காஞ்சாலும் துணி கொஞ்சம் காத்து பாக்கணும்"ங்கறாங்க. நாங்க இன்னும் குனிஞ்சுதான் நடக்கறோம்.

ஸ்பேனர் அண்ணன்:

அது இருக்கட்டும், ஃபில்டர் யாரு துடைக்கறது?

ஈரத்துணி:

அத்தைதான் அண்ணா. அந்த பஞ்ச கொட்டாம ஒரு கவர்ல சேத்து வெக்கறாங்க, எதுக்குன்னு கேட்டேன், பாப்பாவுக்கு தலகாணியாம்.

ஸ்பேனர் அண்ணன்:

அதுமட்டும் வேணாம்னு சொல்லுங்க, குழந்த மூக்குக்குள்ள போகும். விளக்கு வெக்கற இடத்துலயும் வெக்க வேணாம், குப்புனு புடிச்சுக்கும். இன்னிக்கே குப்பைல போடுங்க.